இரண்டாவது குழாயின் நிறம்

பாகாயத்தில் ஓர் ஆய்வகத்தில் நான் டெக்னீஷியன். வயதாக ஆக எலிகளின் உடம்புக்குள் என்ன கெடுகிறது என்று அளப்பது வேலை. மூச்சுக்காற்றே உடம்பிலுள்ள கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறது. அதைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் பொருட்கள் இளம் எலியிடம் போதுமான அளவு இருக்கும். கிழ எலியிடம் பெரும்பாலும் குறைந்திருக்கும். இரத்தத்தில் ரசாயனம் கலந்து கொதிநீரில் வைத்தால், கெட்டுப்போனது எவ்வளவோ அவ்வளவு இளஞ்சிவப்பு ஏறும்.

சென்ற ஆண்டு எங்கள் நாய்க்குப் பதினான்கு வயது. பின்னங்கால்கள் நிற்கவில்லை. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் சூப்பர்வைசரான என் கணவரின் பைக் சத்தம் கேட்டால் படுத்தபடியே வாலை ஆட்டும். ஒருநாள் சாப்பிடும்போது என் வேலையைப் பற்றிச் சொன்னேன்.

"இன்னாது, ஆன்டிஆக்சிடன்ட்டா? அது எங்ககிட்ட டிரம் டிரம்மா இருக்குதே! தோலுக்கு ஊட்டுற எண்ணெயில அதக் கலக்கலன்னா வெள்ளைத் தோலு மஞ்சளாப் பூடும். கலந்தா வருசக்கணக்கா அப்டியே நிக்கும்."

"அது செத்த தோலுங்க."

"செத்ததுக்கே வேல செய்து. உசுரோட இருக்கிறதுக்குச் செய்யாதா?"

தோலுக்கு ஒருமுறை ஊட்டினால் போதும், நாய்க்கோ மூச்சுக்கு மூச்சு கெடுகிறது என்றேன். அவர் கேட்கவில்லை. மறுநாள் வைட்டமின் ஈ எண்ணெய் மாத்திரையோடு வந்தார். "குடுங்க, கெடுதல் இல்ல," என்றதோடு கால்நடை மருத்துவர் நிறுத்திக்கொண்டார். சிறுநீரகப் பரிசோதனைக்கு அவர் எடுத்த இரத்தத்தில் மீதியைக் கேட்டு வாங்கி, ஆய்வகத்தில் அனுமதி பெற்று உறையவைத்தேன்.

நாற்பது நாள். கணவர் தினம் ஒரு மாத்திரையின் முனையைக் கத்தரித்து, தயிர்சாதத்தில் பிதுக்கி, விரலால் ஊட்டினார். நான் டைரியில் டிக் அடித்தேன். பிறகு மறுபடி இரத்தம் எடுத்து, முந்தையதையும் இதையும் ஒரே நாளில் கொதிக்கவைத்தேன். மாத்திரைக்குப் பிந்தைய இரண்டாவது குழாய்தான் அதிகம் சிவந்திருந்தது. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அப்படியே.

வீட்டில் அவர் நாயின் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"கலர் கம்மியாச்சா?"

இருபத்திரண்டு வருட வேலையில் ஓர் அளவைக்கூட நான் மாற்றிச் சொன்னதில்லை.

"கொஞ்சம் கம்மிதான்."

"பாத்தியா! பெரிய படிச்சவ மாதிரி பேசினியே." நாயின் காதைப் பிடித்தார். "டேய் கெழவா, உனக்குக் கலர் எறங்கிடுச்சாம்டா."

அது கண்ணைத் திறக்கவில்லை. அவர் கத்தரிக்கோலை எடுத்து அடுத்த மாத்திரையின் முனையை வெட்டினார்.

டைரியில் சரியான அளவையே எழுதினேன். அதன் கீழே, நாற்பத்தொன்றாம் நாளுக்கும் டிக் அடித்தேன்.