மிசிசாகாவில் ஒரு கொக்கர்

பத்து வயதில் எனக்கும் ஜெர்மனியில் இருந்த என் மச்சாளுக்கும் தீராத ஒரு போட்டி. படுக்கக் கட்டிலும் சமைக்கக் குசினியும் உள்ளே வைத்துத் தெருவில் ஓடும் மோட்டார் வீடுகளைப் பார்த்து, எந்தக் கொம்பனி செய்தது என்று சொல்ல வேண்டும். கொம்பனிப் பெயர்கள் வாய்க்குள் நுழையாததால் நாங்களே பெயர் வைத்தோம். தட்டை மூஞ்சி என்றால் அப்பளத்தார். பக்கவாட்டில் கொக்கின் படம் இருந்தால் கொக்கர். ஐரோப்பிய வண்டி மட்டும்தான் கணக்கு என்பது மச்சாளின் சட்டம். அவளுக்கென்ன, வாசலில் நின்றாலே வரிசையாக வரும். ரொறன்ரோவில் நான் எங்கே போக? ஆனால் கொக்கர் மட்டும் அவளுக்கும் அகப்படவில்லை. முதலில் காண்பவள்தான் ராணி.

ஒரு சனிக்கிழமை பிறம்ரனுக்குப் பிறந்தநாள் வீட்டுக்குப் போகிறோம், எங்கள் காருக்கு முன்னால் கொக்கர் போகிறார்! நான் போட்ட கூச்சலில் அப்பா பிறம்ரனை மறந்து அவர் பின்னாலேயே மிசிசாகாவுக்குள் இறங்கிவிட்டார்.

"இஞ்சாருங்கோ, எங்கை போறியள்? அங்கை கேக் வெட்டப் போயினம்!" என்றார் அம்மா.

"பொறுமப்பா, பிள்ளை ஆசைப்படுறாள்" என்றார் அப்பா.

கோப்பிக் கடை வாசலில் வண்டி நின்றது. வயதான ஜெர்மன்காரத் தம்பதி இறங்கினார்கள். வண்டியைக் கப்பலில் ஏற்றி வந்து கனடாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்களாம். கனடாவுக்கு வருமுன் சில வருடம் ஜெர்மனியில் இருந்த அப்பா, அவர்களோடு அந்தப் பாஷையில் வெளுத்து வாங்கினார். நான் அப்பாவின் போனில் கொக்கைப் படமெடுத்தேன். திரும்பிப் பார்த்தால், பிறந்தநாளுக்கென்று அம்மா சுட்ட பயற்றம் பணியாரத்தில் பாதி அவர்கள் கையில்! அவர்களுடைய ஊர் மாமி வீட்டுக்குப் பக்கமாம். மாமி, அதாவது மச்சாளின் அம்மா, அப்பாவின் ஒரே அக்கா. அப்பா அவரைக் கடைசியாகக் கண்டது நான் பிறப்பதற்கு முன்னர். ஜெர்மனிக்குப் போகிறவரைக் கண்டால் நம்மவர் கை சும்மா இருக்குமா?

"முன்னைப்பின்னைத் தெரியாத சனத்திட்டையும் அக்காவுக்குப் பார்சலோ?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

அன்றைக்கே படத்தை அனுப்பினேன். "இன்ரநெற்றிலை சுட்ட படம், பொய்க்காரி!" என்றாள் மச்சாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வாரங்கள் போயின. ஒருநாள் வீடியோவில் கூப்பிட்டாள். அவள் வீட்டு வாசலில் அதே கொக்கர் நின்றார்!

"சரியடி, நீதான் வெண்டிட்டாய். நீதான் ராணி."

நான் சோபாவில் ஏறிக் குதித்தேன். மச்சாளுக்குப் பின்னால் மாமி, ஒரு பணியாரத்தைக் கடித்தபடி தேம்பித் தேம்பி அழுதார். இங்கே அப்பாவும் கண்ணைத் துடைத்தார். இவ்வளவு நாளில் பணியாரம் கல்லாகியிருக்கும், மாமிக்குப் பல்லு நொந்துவிட்டது, பாவம் என்று நினைத்தேன்.

"அழாதேங்கோ மாமி, அம்மா மெத்தெண்டு வேறை சுட்டு அனுப்புவா" என்று ராணியின் தோரணையில் ஆறுதல் சொன்னேன். அதைக் கேட்டு அக்காவும் தம்பியும் ஏன் இன்னும் பலமாக அழுதார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.