நாற்காலி பார்க்கும் திசை

கோரின் ஹகாலா ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கேட்பது காபி. அடுத்துக் கேட்பது, "இந்த நாற்காலி எதைப் பாக்குது?"

வீட்டுக்காரர்கள் முழிப்பார்கள். "உக்காந்தாத்தானே தெரியும்" என்று அவளே போய் உட்கார்ந்துகொள்வாள். அரை மணி நேரத்துக்கு எழுந்திருக்க மாட்டாள். பிறகு அடுத்த நாற்காலி. கோப்பை காலியானதும் கையை மடித்து விட்டுக்கொண்டு, "வா, சோபாவோட அந்தப் பக்கத்தைப் பிடி" என்பாள். மறுபேச்சு கிடையாது. வடக்கு மினசோட்டாவில் இரும்புச் சுரங்கத்தை நம்பிப் பிழைக்கும் வால்மோர் என்ற அந்தச் சின்ன ஊரில், பள்ளிக்கூடச் சமையலறைக்கு அவள்தான் தலைவி. நானூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சாப்பாடு போடுகிறவளுக்கு ஒரு சோபாவை நகர்த்துவது எம்மாத்திரம்?

அவளுக்குச் சட்டம் ஒன்றே ஒன்று. வெளியிலிருந்து ஒரு துரும்பும் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. வீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான். "கடைக்குப் போறதுன்னா நான் எதுக்கு?" என்பாள். நிலவறைப் பெட்டியில் பூட்டிக் கிடக்கும் கம்பளிகளை வெளியே இழுப்பாள். உச்சி விளக்கை அணைத்துவிட்டு, மூலையில் கிடக்கும் மேசை விளக்கை முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவருவாள். விருந்தாளிக்கென்று பத்திரப்படுத்திய கோப்பைகளை அன்றாடத்துக்கு இறக்குவாள். அவளுக்குக் கூலி, வீட்டில் சுட்ட சாக்லேட் வில்லை ஒரு தட்டு. அதுவும் அடிப்பாகம் கருகியிருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

தீயணைப்புப் படையில் இருக்கும் டெரிலின் கதை ஊருக்கே தெரியும். விவாகரத்தில் மனைவி டிவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாற்காலிகள் மட்டும் ஒரு வருஷமாக அந்த வெறும் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தன. வார இறுதியில் வரும் பிள்ளைகள் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல், ரயிலுக்குக் காத்திருக்கிறவர்கள்போல உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். கோரின் போய் உட்கார்ந்தாள், பார்த்தாள், "சுவத்துல என்னப்பா படம் ஓடுது?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் குளிர்காயும் விறகடுப்பின் பக்கம் திருப்பிப் போட்டாள். அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் ஜாக்கெட்டைக் கழற்றினார்கள். அவ்வளவு பெரிய ஆள் டெரில், போனில் இதைச் சொல்லும்போது மூக்கை உறிஞ்சினான்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு நாத்தனார் இருந்தாள். பெயர் டோரீன். எந்த நாடானால் என்ன, நாத்தனார் நாத்தனார்தான்.

"அடியே கோரின், ஊர்ல இருக்கிற வீட்டையெல்லாம் வீடாக்கிட்டே. என் தம்பி மட்டும் கார் ஷெட்லயே குடியிருக்கானாமே?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கோரினுக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் அது பொய்யில்லை. அவள் கணவன் டுவெய்ன் சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. காலையில் சாப்பிட்டதும் கொல்லைப்பக்கக் கார் ஷெட்டுக்குப் போவான். அங்கே ஒரு சின்ன விறகடுப்பு, ஒரு ரேடியோ, கைப்பிடியில் பிளாஸ்திரி ஒட்டிய ஒரு பழைய பழுப்பு நாற்காலி. சாப்பாட்டுக்கு வருவான், தூங்க வருவான். லாட்ஜில் தங்கியிருக்கும் மனுஷன்கூட இன்னும் கொஞ்ச நேரம் அறையில் இருப்பான்.

ஆம்பளைகள் ஷெட்டில் உட்காருவது அந்த ஊரில் அதிசயமில்லை. ஆனால் முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவன், அவள் பார்த்துப் பார்த்து இதமாக்கிய வீட்டில் பத்து நிமிஷம் உட்கார மாட்டேன் என்கிறானே! அவனுக்கு வீடு கசந்துவிட்டதா, தான் கசந்துவிட்டோமா என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் யோசித்தாள். அதை வாய்விட்டுக் கேட்கத்தான் பயம்.

அந்த நேரம் பார்த்து நூலகத்திலிருந்து அழைப்பு வந்தது. நவம்பரில் மான் வேட்டை தொடங்கும் சனிக்கிழமை ஊரில் ஆண்வாடையே இருக்காது. எல்லா வண்டிகளும் காட்டுக்குப் போய்விடும். அன்று பெண்களுக்காக ஒரு கூட்டம், கோரின் வீட்டிலேயே வைத்துக்கொண்டு அவள் வித்தையைக் காட்ட முடியுமா என்று கேட்டார்கள். "ஆகா, தாராளமா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்த பிறகுதான் நினைவு வந்தது. முட்டி வலியால் டுவெய்ன் இந்த வருஷம் வேட்டைக்குப் போகவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் ஷெட்டின் புகைக்குழாயில் புகை வருவதைப் பார்க்கப் போகிறார்கள்.

அவளா சளைக்கிறவள்? இரண்டு வாரம் மல்லுக்கு நின்றாள். சோபாவைக் கணப்புக்குப் பக்கத்தில் இழுத்தாள். அவனுக்குப் பிடித்த கட்டம் போட்ட கம்பளியை அதன்மேல் விரித்தாள். காபிப் பானையையே கைக்கெட்டும் தூரத்தில் கொண்டுவந்து வைத்தாள். டுவெய்ன் மரியாதையாக உட்கார்ந்தான். சுற்றிலும் பார்த்தான்.

"வித்தியாசமா இருக்கு" என்றான்.

அந்தப் பக்கத்து மனிதர்கள் வாயிலிருந்து வரக்கூடிய மிகக் கடுமையான வசவு அதுதான். பத்து நிமிஷத்தில் எழுந்து, "அடுப்புல விறகு தீந்துடும்" என்று கிளம்பிவிட்டான்.

சனிக்கிழமை பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். கோரின் வெளுத்துக் கட்டினாள். விளக்கு எங்கே, திரைச்சீலை எதற்கு, மூலையை ஏன் காலியாக விடக்கூடாது என்று அவள் பேசப் பேச எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். டோரீனே இரண்டு முறை தலையாட்டினாள். புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த கென்ட்ரா என்ற பெண் எந்த விஷமமும் இல்லாமல் கேட்டாள்.

"இதுல உங்க வீட்டுக்காரர் நாற்காலி எது?"

எல்லோர் கண்ணும் ஒரு பக்கமாகத் திரும்பியது. ஜன்னலுக்கு வெளியே ஷெட்டிலிருந்து புகை நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

"இங்க இல்லை" என்றாள் கோரின். காது சூடாகிவிட்டது. "எல்லார் வீட்டு நாற்காலியையும் பாத்தேன். அவர் நாற்காலியில மட்டும் உக்காந்து பாக்கல. ஏன்னு கேக்காதே. காபி ஆறுது, குடிங்க."

டோரீன் வாயைத் திறந்தாள். என்ன தோன்றியதோ, ஒரு வில்லையை எடுத்துக் கடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள். நாத்தனார்களுக்கும் சில நேரம் நல்ல மனசு வரும்.

எல்லோரும் கிளம்பும்போது கென்ட்ராவின் கார் உறுமிவிட்டுப் படுத்துவிட்டது. டுவெய்ன் பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்கும் வயரை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனான். இதுதான் சமயம் என்று கோரின் காபிக் கோப்பையோடு ஷெட்டுக்குள் நுழைந்தாள். எதையும் தொடவில்லை. அந்தப் பழுப்பு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அதை அவளுக்கு நன்றாகவே தெரியும். சமையலறை ஜன்னல் ஓரத்தில் கிடந்த நாற்காலி. அவன் ஓய்வு பெற்ற மாதம், இங்கே காற்று அடிக்கிறது, பார்க்கவும் சகிக்கவில்லை என்று அவளேதான் ஷெட்டுக்குத் தள்ளினாள். இப்போது அதன் கண் எங்கே போகிறது என்று பார்த்தாள். அடுப்பை நோக்கி இல்லை. ரேடியோவை நோக்கியும் இல்லை. எதிரே எண்ணெய்ப் புகை படிந்த ஒரு சின்ன ஜன்னல். அதன் நடுவில் மட்டும் ஒரு தட்டு அகலத்துக்குத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அதன் வழியே ஒரே காட்சிதான் தெரிந்தது. கொல்லைச் சந்தின் முனை, அங்கிருந்து அவளுடைய கார் வந்து நிற்கும் இடம்.

கதவு திறந்தது. டுவெய்ன் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"அந்தப் பொண்ணு வண்டி கிளம்பிடுச்சு. நீ என்ன இங்க?"

"நாள் பூரா இங்க உக்காந்து எதைப் பாக்கறே?"

அவன் விறகுக் குவியலைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் சொன்னான்.

"நீ வர்றதைத்தான்."

"நான் தினமும் மூணரைக்கு வர்றவதானே?"

"அந்தப் புயலன்னிக்கு வரலியே."

எட்டு வருஷத்துக்கு முந்தைய கதை. பனிப்புயலில் அவள் கார் பள்ளத்தில் சரிந்து மூன்று மணி நேரம் கிடந்தாள். அவள் அதை எப்போதோ மறந்துவிட்டாள்.

"ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்து டிவி முன்னாடி தூங்கிட்டேன். நீ வரலைங்கறதே எனக்குத் தெரியாது. போன் வந்துதான் முழிச்சேன்" என்றான் டுவெய்ன். "மறுநாளே நாற்காலியைச் சமையக்கட்டு ஜன்னல்கிட்ட போட்டேன். நீ வெளிய தள்ளினே. சரி, இங்கயிருந்தும் தெரியுதேன்னு உக்காந்துட்டேன்."

"அட மடையா, அன்னிக்கே வாயத் திறந்து சொல்லக் கூடாதா?"

"நீ சந்தோஷமா நகத்திட்டிருந்தே. எதுக்கு நடுவுல பேசணும்னு விட்டுட்டேன்."

கோரினுக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது, அவன்மேல் கொஞ்சம், தன்மேல் நிறைய. ஊர் நாற்காலிகள் என்ன பார்க்கின்றன என்று அலைந்தவள், தன்னையே பார்த்துக்கொண்டிருந்த ஒன்றைத் தூக்கி எறிந்திருக்கிறாள். அவன் தோளில் ஒரு குத்து விட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை மடித்து விட்டாள்.

"வா, அந்தப் பக்கத்தைப் பிடி."

"எங்க?"

"எங்கயா? சமையக்கட்டுக்கு!"

"வெளியிலேருந்து எதுவும் உள்ள வரக்கூடாதுன்னு உன் சட்டமாச்சே?"

"இது வரல. திரும்பி வருது. முட்டியைப் பாத்துத் தூக்கு."

கதவில் ஒருமுறை இடித்து, சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் ஒதுக்கி, பழைய இடத்திலேயே போட்டார்கள். ஜன்னல் சட்டத்தில் காற்று நுழையும் இடத்தில் ஒரு பழைய துண்டைச் சுருட்டித் திணித்தாள். ஐந்து நிமிஷ வேலை. மூன்று வருஷத்துக்கு முன்பே செய்திருக்கலாம். சமையலறையின் லட்சணம் போய்விட்டதுதான், போகட்டும்.

திங்கட்கிழமை பள்ளி விடும்போது பனி பொழிந்துகொண்டிருந்தது. சந்தின் முனையில் திரும்பியதுமே சமையலறை ஜன்னல் தெரிந்தது. முழங்கால் உயர விளக்கு எரிந்தது. நாற்காலியிலிருந்த உருவம் எழுந்து காபிப் பானையின் பக்கம் போனது. எத்தனையோ வீடுகளில் உட்கார்ந்து பார்த்தவள், தன் வீட்டை வெளியே நின்று பார்த்ததேயில்லை. கார் நின்ற பிறகும் இறங்க மனசு வராமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கொல்லைக் கதவு திறந்தது. டுவெய்ன் பனிக்குள் தலையை நீட்டிக் கத்தினான்.

"உள்ள வர்றியா, இல்ல கார்லயே குடியிருக்கப் போறியா?"