செவலைக் காருக்கு விழுந்த துண்டு

டூரிஸ்ட் வேனில் கிளீனராக இருந்தால், ஏறியவர்கள் யார் என்ன செய்தாலும் முதலில் பிடிபடுவது உங்கள் சட்டைக் காலர்தான். என் காலரை அப்போது பிடித்திருந்தவர் சென்னைப் பக்கத்துக் கார் பந்தய மைதானத்தின் அதிகாரி. இன்னொரு கையில் ஒரு துண்டு. "டிராக்ல இதைப் போட்டது யாருடா? உங்க கும்பல் மொத்தமும் வெளிய போகணும்" என்றார். கடைசிப் பந்தயம் இன்னும் பாக்கி. அதைப் பார்க்கத்தான் கோவில்பட்டியிலிருந்து தூங்காமல் வந்திருந்தேன். ஆள் ஏற்றிப் பிழைக்கிறவர்களே, என் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

தீனி

பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படிப்பு பிடிக்கவில்லை, கார் பிடித்தது. அதனால் இந்தச் சவாரி வந்ததும் குதித்தேன். வேன் பிடித்தவர் விளாத்திகுளம் பக்கம் பந்தய மாடு வளர்க்கிற சுடலைமுத்து அண்ணாச்சி. மாட்டுவண்டிப் பந்தயத்துக்குப் போகிற கூட்டாளிகளையும் வீட்டம்மாவையும் கூட்டி வந்திருந்தார்.

மைதானத்துக்குள் போனதும் அவர் வீட்டம்மா பேச்சியம்மா மைனி ஒரு காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதுக்கு என்னல தீனி?" என்று கேட்டார். "தனியா ஒரு பெட்ரோல் மைனி, விலை கூட" என்றேன். மைனி அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிடுங்க. பருத்திக்கொட்டை வாங்கதுக்கே என் கம்மலைக் கேக்குதீய, இது வேற வேணுமாக்கும்?"

பின்னாலேயே போவது

பந்தயம் கிளம்பப் போகிற நேரத்தில் அண்ணாச்சி எழுந்துவிட்டார். "ராசு, வேனை எடு, பின்னாலயே போவோம்." டிரைவர் ராசு அண்ணன் என்னைப் பார்த்தார். அண்ணாச்சி மேல் தப்பில்லை. எங்கள் ஊர்ப் பந்தயம் ரோட்டில் நடக்கும். வண்டி எல்லைவரை போய்த் திரும்பும். பைக்கிலும் காரிலும் பின்னால் போனால்தான் பந்தயம், நின்ற இடத்தில் நின்றால் புழுதிதான்.

இங்கே உட்கார்ந்தால் போதும், அவர்களே சுற்றிச் சுற்றி நம்மிடம் வருவார்கள் என்று விளக்கினேன். அண்ணாச்சி யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தொட ஒரு எல்லை இல்லாம, கிளம்புன எடத்துக்கே சுத்திச் சுத்தி வாரதுக்கு எதுக்குல இம்புட்டு அவசரம்?"

செவலை

பந்தயம் தொடங்கியது. காது அடைத்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை. அண்ணாச்சி சிவப்புக் காரைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மாடும் செவலை. கறுப்புக் காருக்குக் காரி என்று பெயர் வைத்தார், வெள்ளைக்கு மயிலை. கொஞ்ச நேரத்தில் கூட்டாளிகள் எல்லாரும் "விடாத செவலை!" என்று கத்த, பக்கத்துச் சென்னைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

வளைவில் செவலை காரியை முந்தியது. முந்தினால் துண்டைத் தூக்கி மேலே வீசுவது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணாச்சி வீசினார். காற்று அதை வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பாதையில் போட்டது. உடனே ஒருவர் பாதையில் ஆபத்து என்று மஞ்சள் கொடியை ஆட்ட, எல்லாக் காரும் வேகத்தைக் குறைத்தன. எங்கள் பந்தயத்தில் எல்லையை முதலில் தொடுகிற வண்டிக்குக் கொடி கொடுப்பார்கள். அண்ணாச்சி என் முதுகில் ஒன்று வைத்தார். "பாத்தியால, செவலைக்குக் கொடி விழுந்துட்டு!"

வெறுந்தோள்

அதற்கப்புறம்தான் காலர். நான் கெஞ்சியதில் அதிகாரி கொஞ்சம் இறங்கினார். "துண்டு என்கிட்ட இருக்கட்டும், போகும்போது வாங்கிக்கட்டும். அதுவரைக்கும் துண்டு இல்லாம உட்காரச் சொல்லு. இல்லன்னா எல்லாரும் வெளிய." ராசு அண்ணன் என் காதைக் கடித்தார்: "போய்ச் சொல்லிருல. புகார் ஓனருக்குப் போச்சுன்னா நாளைக்கு வேன்ல ஏறாத."

திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சி வெறுந்தோளைத் தடவித் தடவித் துண்டைத் தேடிக்கொண்டிருந்தார். பெரிய வீட்டுக்காரர் எதிரே வந்தால் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்க வேண்டியிருந்த அவர் அப்பாவைப் பற்றி, வரும் வழியில்தான் வேனில் சொல்லியிருந்தார். அவரிடம் போய் நான் சொல்வதா?

"சார், இது பறக்காம நான் பாத்துக்கிடுதேன். பறந்தா என்னை முதல்ல வெளிய தள்ளுங்க" என்று துண்டை அதிகாரி கையிலிருந்து உருவிக்கொண்டு ஓடினேன். அண்ணாச்சி தலையில் இறுக்கித் தலைப்பா கட்டி, நுனியைச் செருகிவிட்டேன். அதிகாரி தூரத்திலிருந்து முறைத்தார். அப்புறம் சிரித்துவிட்டார். கடைசிப் பந்தயம் கிளம்பியது. அண்ணாச்சி தலையைத் தொட்டுப் பார்த்தார். "ஏலே, செவலை ஜெயிச்சதுக்கு எனக்கு எதுக்குல பரிவட்டம்?"

துண்டில்லாமல் உட்காரச் சொல்லு என்று இரண்டு பேர் என்னிடம் சொன்னார்கள், அதை மட்டும் நான் அண்ணாச்சியிடம் இன்றுவரை சொல்லவில்லை.