முதல் நோன்பும் மாமுவின் இளநீரும்

எழுபதுகளின் கடைசியில், ஒன்பது வயதில், நான் என் முதல் நோன்பை வைத்தேன். நோன்பைவிட அதைப் பற்றிய பெருமைதான் பெரிதாக இருந்தது. எச்சிலைக்கூட விழுங்கவில்லை என்று புதுப்பட்டினம் கடைத்தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மத்தியானத்துக்குமேல் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பெருமை அடங்கிவிட்டது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு மாமுவின் நினைப்பு வந்தது. அம்மாவின் அண்ணன். சைக்கிள் கடை வைத்திருந்தவர், முகமும் காலும் வீங்கிப் படுத்துக் கிடந்தார். சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன, கழிவெல்லாம் ரத்தத்திலேயே தங்குகிறது என்று செங்கல்பட்டு டாக்டர் சொல்லியிருந்தார். நாளுக்கு இரண்டு தம்ளர் தண்ணீர்தான். உப்பு கூடாது, பழம் கூடாது, இளநீர் கூடவே கூடாது. மாமுவோ ராத்திரி பகலாக உடம்பைச் சொறிந்துகொண்டே இருந்தார். சூடு ஏறினால் அரிக்கும், இளநீர் குடித்தால் தணியும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். டாக்டருக்கு மட்டும் தெரியவில்லையே என்று அவர்மேல் எனக்குப் பரிதாபம்.

தாகித்தவருக்குக் குடிக்கக் கொடுத்தால், அதிலும் நோன்பு மாதத்தில், பல மடங்கு நன்மை என்று ஓதப் போகும் இடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நோன்பு திறக்க அத்தா வாங்கி வைத்திருந்த இளநீரில் ஒன்றைக் கத்தி முனையால் துளைத்து எடுத்துக்கொண்டு, மாமி தொழுகிற நேரம் பார்த்து உள்ளே நுழைந்தேன்.

மாமு கதவுப் பக்கம் பார்த்தார்.

"வேணாம் பாப்பா. உங்க மாமி பாத்தா பேஜாராயிடும்."

"கொஞ்சூண்டு குடி மாமு. எனக்கும் இன்னிக்கு தாகமாத்தான் கீது."

என் காய்ந்த உதட்டைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். காலி இளநீரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடிவந்தேன்.

மறுநாள் விடிந்ததும் மாமு மௌத்தாகிவிட்டார். உடம்பைக் குளிப்பாட்ட எடுத்துக் கட்டிலை நகர்த்தியபோது அந்தக் காலி இளநீர் உருண்டு வந்தது. மாமி அலறினாள்.

"யாரு குடுத்தது இத? எவ என் வூட்டுக்காரர கொன்னது?"

அம்மா என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"நான்தான் அண்ணி. கேட்டுகினே இருந்தாரு, மனசு கேக்கல" என்றாள்.

அதன்பிறகு சாகும்வரை மாமி அம்மாவிடம் பேசவில்லை. பெருநாளுக்கு அம்மா அனுப்பிய பிரியாணி மூடியைத் திறக்காமலே திரும்பி வரும். நடந்ததை நான் வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இளநீரில் உள்ள ஓர் உப்பை நல்ல சிறுநீரகம் சிரமமில்லாமல் வெளியேற்றிவிடும், கெட்டுப்போனால் அது ரத்தத்தில் ஏறி இதயத்தையே நிறுத்தலாம் என்று, அம்மாவும் போன பிறகு ஒரு டாக்டர் சொன்னார். மாமு அதனால்தான் போனார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அந்த ஆறுதல் எனக்கு ஒட்டவில்லை.

அன்றைக்கு இது எதுவும் எனக்கு விளங்கவில்லை. எனக்கு வரவேண்டிய நன்மையை அம்மா பொய் சொல்லிப் பறித்துக்கொண்டாள் என்றுதான் பட்டது. அந்த ஆத்திரத்தில், அண்ணனைப் பறிகொடுத்து அழுதுகொண்டிருந்தவளோடு மூன்று நாள் பேசாமல் இருந்தேன்.