அக்காவின் தாலியும் மாமாவின் லென்ஸும்

எங்கள் பாடசாலை ஊடகக் கழகத்துக்குக் கமரா வாங்கப் பழைய மாணவர்கள் உதவினார்கள். எந்தக் கமரா என்பதில் சண்டை வரவில்லை. லென்ஸில்தான் வந்தது. கமரா செய்த கம்பெனியின் லென்ஸையே வாங்குவதா, அதே வேலையைப் பாதி விலைக்குச் செய்யும் வேறு கம்பெனி லென்ஸை வாங்குவதா என்று ஆசிரியர் அறையில் பேச்சு நடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு படிப்பிக்கும் கணித ஆசிரியர் அடித்துச் சொன்னார்: "கமரா ஒரு கொம்பனி, லென்ஸ் இன்னொரு கொம்பனி எண்டால் சரிவராது டீச்சர். மலிவெண்டு வாங்கிப்போட்டுப் பிறகு கவலைப்படக் கூடாது."

நான் பதில் சொன்னேன். தேவைக்கு மேலேயே சொன்னேன். வேறு கம்பெனி என்றால் போலி இல்லை, அதையும் படித்தவர்கள்தான் செய்கிறார்கள், எடுக்கத் தெரிந்தவன் கையில் கொடுத்தால் எது எதில் எடுத்த படம் என்று நீங்கள் கண்டுபிடிக்க மாட்டீர்கள் என்றெல்லாம் பொரிந்து தள்ளினேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு லென்ஸுக்கு இவள் ஏன் சொந்தக்காரி மாதிரி வக்காலத்து வாங்குகிறாள் என்று நினைத்திருப்பார்கள். சொந்தம்தான். இதைச் சொல்ல எனக்குப் பதினைந்து வருஷம் பிந்திவிட்டது.

அம்மாவுக்கு ஒரே தம்பி. என் மாமா. ஹட்டன் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் சம்பளத்துக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். சொந்தமாக ஒரு ஸ்டூடியோ போட வேண்டும், அதுவும் டவுனில் இல்லை, எங்கள் அக்கரப்பத்தனைக் கடைவீதியில் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. தேயிலைத் தோட்டத்துச் சனம் ஒரு படம் எடுக்க ஒரு நாள் பேரை, அன்றைய சம்பளத்தை, விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டியிருக்கிறதே என்பார். கடைவீதியில் ஓர் அறையும் பார்த்து வைத்திருந்தார். அறைக்காரர் சித்திரை வரைக்கும் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார். தை மாதம் என் அக்காவுக்குக் கல்யாணம். அந்த ஆல்பத்தைக் கண்ணாடிக்குள் விரித்து வைத்துத்தான் கடையைத் திறப்பது என்று மாமா முடிவு செய்திருந்தார்.

அதற்காகவே அந்த லென்ஸை வாங்கினார். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறைக்குள் பட்டப்பகலிலும் வெளிச்சம் போதாது. ஃப்ளாஷ் அடித்தால் முகம் மாவு பூசினதுபோல் வெளுத்து, பின்னால் எல்லாம் கரியாகிவிடும். இந்த லென்ஸ் வாயை அகலத் திறக்கும். கதவு வழியாக வரும் வெளிச்சமே அதற்குப் போதும். கமராக் கம்பெனியின் லென்ஸிலும் அப்படி ஒன்று உண்டு. அதை மாமா கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. வேறு கம்பெனி செய்ததை வாங்கி, அதைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அதில் ஒரு குறை உண்டு. படம் தெளிவாக விழத் தானாகக் குறிபார்க்கும்போது கிர்ர்ர் என்று பல்லைக் கடிக்கும். புகையோ பனியோ குறுக்கே வந்தால் முன்னும் பின்னும் தடுமாறும். "அப்படித் தடுமாறுச்சுன்னா இந்தச் சுவிட்சை இங்குட்டுத் தள்ளிடணும். அப்புறம் அதுவா பாக்காது. நாமதான் கையால திருப்பிக்கணும்" என்று ஒரு லீவு நாளில் எனக்குக் காட்டினார். திருப்பத் திருப்ப, மங்கலாகக் கிடந்த தேயிலைச் செடி இலை இலையாகத் தெளிந்து வந்தது. பத்து வயதில் அந்தச் சந்தோஷம் தலைக்கு ஏறிவிட்டது.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஒந் தம்பி வாங்கியிருக்கிறது அசல் இல்லையாமே? தாலிய ரெண்டாந்தரம் கட்டச் சொல்ல முடியுமா?" என்று அம்மாவைக் கேட்டார். டவுனில் பெரிய ஸ்டூடியோக்காரரைக் கூப்பிடுவோம் என்றார். அப்பா சொன்னதற்கு எதிர்ச்சொல் சொல்லாத அம்மா அன்று மட்டும், "என் தம்பி நல்லா எடுப்பான். நான் பொறுப்பு" என்றாள்.

கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் டயகமவிலிருந்து வந்திருந்தார்கள். எல்லா ஏற்பாட்டையும் பார்த்துப் பார்த்துச் செய்த எங்கள் குடும்பத்தில் ஒரு சின்ன விஷயம் மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெண்ணுக்கு மாலை போட்டு, நெற்றியில் பட்டம் கட்டி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வர வேண்டியவர் தாய்மாமன். அந்தத் தாய்மாமன் கழுத்தில்தான் கமரா தொங்குகிறது. ஐயர், "தாய்மாமன் எங்க? வாங்க, நேரமாகுது" என்று கூப்பிட்டபோது மாமா ஒரு விநாடி திகைத்து நின்றார். பிறகு கமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார்.

"மாமா பட்டம் கட்டுறப்ப இந்தப் பட்டனை அமுக்கும்மா. வேற எதையும் தொடாத."

நான் மண்டபத்தின் அந்தக் கோடியில் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்றேன். ஹோமப் புகை. பட்டனை அமுக்கினேன். லென்ஸ் கிர்ர்ர் என்று போய் வந்தது, படம் விழவில்லை. மறுபடி அமுக்கினேன், மறுபடியும் கிர்ர்ர். மாமா பட்டத்தின் நூலை அக்காவின் தலைக்குப் பின்னால் முடிந்துகொண்டிருந்தார். இன்னும் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். மாமா மாமாவாக நிற்கும் ஒரு படமும் அந்த ஆல்பத்தில் இருக்காது. சுவிட்சைத் தள்ளினேன். கையால் திருப்பினேன். மாமாவின் விரலும் பட்டத்தின் சரிகையும் தெளிந்து வந்தன. மூன்று படம் எடுத்தேன்.

அதற்குள் மாமா அக்காவை மணவறையில் உட்கார வைத்துவிட்டு ஓடி வந்து கமராவை வாங்கிக்கொண்டார். சுவிட்சைத் திரும்பத் தள்ள மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். ஆனால் மறப்பதற்கு முதலில் நினைப்பு இருக்க வேண்டும். நான் எடுத்த மூன்று படமும் எப்படி வந்திருக்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

கெட்டிமேளம் கொட்டியது. எங்கள் பக்கத்து வழக்கப்படி, அட்சதை போடுகிற சாக்கில் சனம் மொத்தமும் எழுந்து மணவறையைச் சுற்றி அடைத்துக்கொண்டது. மாமா கமராவை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, கண்ணால் பார்க்காமலே அமுக்கித் தள்ளினார். கூட்டத்தில் அப்படித்தான் எடுப்பார். குறிபார்க்கும் வேலையை லென்ஸ் பார்த்துக்கொள்ளும். லென்ஸ் பல்லைக் கடிக்கவில்லை என்பது அந்த மேளத்தில் அவருக்குக் கேட்டிருக்காது.

ஒரு வாரம் கழித்து, சம்பந்தி வீட்டாரும் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா படங்களைக் கொண்டு வந்தார். தாலி கட்டும் படங்கள் அத்தனையும் மங்கல். மாப்பிள்ளையின் கையும் அக்காவின் கழுத்தும் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் இருந்தன. சம்பந்தியம்மா, "தாலி கட்டுறதே இப்படி மங்கிப் போச்சே" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அக்கா அழுதாள். கொழும்பில் வேலை செய்யும் மாப்பிள்ளையின் அண்ணன் ஒருவர், தானும் ஒரு கமரா வைத்திருக்கிற தைரியத்தில், "வேற கம்பெனி லென்ஸ் போட்டா இப்படித்தான் காலை வாரும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. அப்பாவின் கை எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும்.

அப்பா படங்களைத் தள்ளிவிட்டு, "நடுவுல புள்ளைக்கிட்டயில்ல கமராவக் குடுத்த?" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் மாமா சொன்னார்: "புள்ள பட்டனைத்தான் அமுக்குச்சு மச்சான். அதுல என்ன கெடப்போகுது? லென்ஸ் சரியில்ல. நீங்க அன்னைக்கே சொன்னீங்க, நான்தான் கேக்கல."

அத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நான் எடுத்த படம் ஒன்று அந்தக் குவியலில் இருந்தது. பட்டத்தின் சரிகை நூல் நூலாகத் தெரிந்தது. அப்பா அதைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். "பத்து வயசுப் புள்ள எடுத்திருக்கு பாருங்க. இவரு தொழில்காரரு!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெட்கப்படுகிற மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது. அந்தப் படமும் அதே லென்ஸில் எடுத்ததுதானே என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த மாதம் மாமா லென்ஸை விற்றார். தாலியையே மங்கலாக எடுத்த ஆள் என்று மூன்று தோட்டங்களுக்குப் பேச்சு பரவியிருந்தது. கடைவீதி அறைக்கு போன் கடை வந்தது. மாமா கொழும்பில் ஒரு துணிக்கடைக்குப் போய்ச் சேர்ந்தார், இன்றும் அங்கேதான் இருக்கிறார். அப்பா கோபம் வரும்போதெல்லாம், "நீதானே பொறுப்பு" என்று அம்மாவைக் குத்துவார். அம்மா தம்பியின் பேச்சை எடுப்பதையே விட்டுவிட்டாள். அக்காவின் வாழ்க்கை ஒன்றும் மங்கவில்லை. இரண்டு பிள்ளைகள், புருஷனோடு நாளுக்கு ஒரு சண்டை.

நான் கமரா பிடிக்கப் பழகிய பிறகு ஒருநாள் அந்த ஆல்பத்தை வரிசையாகப் பார்த்தேன். மங்கிய படங்களில்கூட, தூரத்தில் நிற்கும் மேளக்காரரின் சட்டைப் பொத்தான் வரை துல்லியமாக இருந்தது. நான் நாற்காலி மேல் நின்று எந்தத் தூரத்துக்குத் திருப்பி வைத்தேனோ, லென்ஸ் சொன்ன சொல் தவறாமல் அந்தத் தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அதைவிட, தாலி கட்டி முடிந்ததும் எடுத்த படங்கள், மெட்டி போடுவது, சம்பந்திகள் கும்பலாக நிற்பது எல்லாமே பளிச்சென்று இருந்தன. அப்படியானால் யாரோ அந்தச் சுவிட்சைத் திரும்பத் தள்ளியிருக்க வேண்டும். நான் தள்ளவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்திகள் போன பிறகு, மாமா லயத்து வாசல்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பட்டம் கட்டுற படம், எப்படிம்மா எடுத்த?"

"நீங்க சொன்னபடி பட்டனை அமுக்குனேன் மாமா."

"வேற எதையும் தொடலயா?"

"இல்ல மாமா."

"சரிம்மா" என்றார். எழுந்து போகவில்லை. உள்ளே அப்பா அம்மாவை ஏசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. மாமா ஒருமுறை கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். படம் எடுத்துப் பிழைக்கிறவருக்குத் தன் படம் எதனால் கெட்டது என்றுகூடக் கண்டுபிடிக்கத் தெரியவில்லையே, பாவம் மாமா என்று நான் நினைத்தேன். அம்மா தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டாள். எழுந்து ஓடிவிட்டேன்.