முன்பலகைக்கு அறுபத்திரண்டு கிலோ

இந்த வருடம் பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள், ஐம்பத்தெட்டு வயதில், மயிலாப்பூரிலிருந்து கொட்டிவாக்கத்துக்கு மரப்படகு கட்டக் கற்றுக்கொள்ளக் கிளம்பினேன். ஒன்பது கிலோமீட்டர் போவதற்கெல்லாம் பயணக் கட்டுரையா என்று சிரிப்பீர்கள். இந்த வலைப்பூவில் லடாக் வரை போய் எழுதியிருக்கிறேன். அங்கே போக நான்கு நாள் ஆனது. இந்த ஒன்பது கிலோமீட்டரைக் கடக்க ஒரு வருடம் ஆனது.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தம்பி முரளி போன வருடம் ஜனவரியில் இதே பட்டறையில் இதே ஆறு நாள் பயிற்சியை முடித்தான். முடித்த கையோடு சொந்தமாக ஒரு சின்னப் படகு கட்ட ஆரம்பித்தான். அடையாறில் தனியாக இருந்தவன், கல்யாணம் செய்துகொள்ளாதவன், ஏதாவது ஒன்றைப் பிடித்தால் விடமாட்டான். "ஒரு நாள் கொட்டிவாக்கம் வாண்ணா, ஒரு மணி நேரம் போதும்" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டான். படகைக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்ளக் கூப்பிடுகிறான் என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் "அடுத்த மாசம் பார்க்கலாம்டா" என்றேன். மே மாதம் மாரடைப்பில் போய்விட்டான்.

டிசம்பரில் பட்டறையிலிருந்து போன் வந்தது. படகில் கொஞ்சம் வேலை பாக்கி, யாராவது வந்து முடித்து எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். ஆளை வைத்து முடிக்கச் சொல்லியிருக்கலாம். ஏனோ நானே பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன். என் மனைவி வசந்தா ஒரே கேள்விதான் கேட்டாள். "படகைக் கொண்டுவந்து ஆத்துல எங்க வெச்சுக்கப் போறேள்? மொட்டை மாடித் தண்ணித் தொட்டியிலயா?" கேட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பாட்டு டப்பாவைக் கட்டினாள்.

போகும் வழி: காலை 8.40க்கு மயிலாப்பூர் குளத்தருகே பேருந்து பிடித்தால் அடையாறு வழியாகத் திருவான்மியூர் நிலையம் முப்பத்தைந்து நிமிடம். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். நேராக ஆட்டோ எடுத்தால் இருநூற்று இருபது கேட்பார்கள். என் ஷேர் ஆட்டோக்காரர் பேச்சுத் துணைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"கடலாண்ட இன்னா வேல நைனா?"

"படகு கட்டக் கத்துக்கப் போறேன்."

"இந்த வயசுலயா? கட்டிட்டு எங்க போவப்போற, சிங்கப்பூரா?"

வண்டியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இறங்கிக் கடலை நோக்கிப் பத்து நிமிடம் நடந்தால் தகரக் கூரை போட்ட பட்டறை.

சொல்லித் தருபவர் பெயர் தேவி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பக்கத்துக் குப்பத்துப் பெண். மர நாற்காலி செய்யும் கடையில் வேலை பழகி, பிறகு படகுக்கு வந்தவர். என்னோடு சேர்ந்தவர்கள் நான்கு பேர்: தி. நகரிலிருந்து ஒரு கணவன் மனைவி, கட்டடக்கலை படிக்கும் இரண்டு பெண்கள். நான் யாரென்று சொன்னதும் தேவி ஒரு நொடி என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்போது அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குப் புரியவில்லை.

மூலையில் நீலத் தார்ப்பாயை விலக்கிக் காட்டினார். பன்னிரண்டு அடிப் படகு. விலா எலும்பு மாதிரி வேப்பமர வளைவுகள், அவற்றின்மேல் ஆயினி மரப் பலகை. பாதிப் படகு என்று நினைத்துப் போன எனக்கு அது முழுதாகவே தெரிந்தது.

"இதுல என்னம்மா பாக்கி?"

"ஒக்கார்ற பலக ரெண்டும் அடிக்கல சார். அத்தோட ஒரு வருசமா காஞ்சிகினு கீது, சந்தெல்லாம் வாய் தொறந்துகிச்சு. மொதல்ல உளி தீட்டக் கத்துக்கோங்க. அப்பால பாக்கலாம்."

முதல் இரண்டு நாளும் தீட்டுவதுதான். உளி, இழைப்புளி இரண்டையும் கல்லில் தேய்த்துத் தேய்த்து, கையில் உள்ள மயிரை வழிக்கும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். வங்கியில் முப்பது வருடம் கையெழுத்து மட்டுமே போட்ட விரல்கள், முதல் நாள் மாலையே சாதம் பிசைய மறுத்தன. மூன்றாம் நாள் பலகை இழைக்க விட்டார்கள். நான் மரத்தின் ரேகைக்கு எதிர்ப்பக்கமாக இழைத்துப் பலகையைப் பிய்த்து வைத்தேன். "பூனைய வால்லேர்ந்து தடவுற மாரி கீது சார்" என்றார் தேவி. நான்காம் நாள் கலப்பத்து: பலகைகளுக்கு நடுவே உள்ள சந்தில் எண்ணெய் தோய்த்த பஞ்சுத் திரியை மழுங்கின உளியால் தட்டித் தட்டி அடைத்து, மேலே குங்கிலியம் பூசுவது. மற்ற நால்வரும் பயிற்சிப் பலகையில் செய்தார்கள். நான் முரளியின் படகில் செய்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நாள் எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒழுகுகிற இடம் தெரிகிறது, அடைக்க வழி இருக்கிறது.

ஐந்தாம் நாள் உள்பக்கத்தைத் துடைத்தபோதுதான் பென்சில் எழுத்தைப் பார்த்தேன். பின்பக்க வளைவில் "அண்ணா 84". முன்பக்கத்தில் "நான் 62". முரளியின் கையெழுத்துதான். அவனுடைய நான்கு எப்போதும் நாற்காலியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும்.

என் எடை எண்பது என்றுதான் ஊருக்கெல்லாம் சொல்லிவந்தேன். எண்பத்து நான்கு என்பது தெரிந்த ஒரே ஆள் வசந்தா. அவளுக்குப் போன் போட்டேன்.

"ஆமா, போன வருஷம் கேட்டான். 'அண்ணா நிஜமா எவ்வளவு இருக்கார் மன்னி'ன்னான். எதுக்குடான்னேன், சிரிச்சான்."

தேவியிடம் போய், இதெல்லாம் என்ன என்று கேட்டேன். அவர் கையிலிருந்த உளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். சின்னப் படகில் உட்காரும் பலகையைப் பட்டறையில் வைத்து அடிக்க மாட்டார்கள். படகைத் தண்ணீரில் இறக்கி, பலகைகளைச் சும்மா வைத்து, ஓட்டப்போகிற ஆட்களே ஏறி உட்கார வேண்டும். முன்னே பின்னே நகர்த்தி, படகு மட்டமாக நிற்கும் இடத்தில் கோடு போட்டு, அதற்கப்புறம்தான் ஆணி.

"ஆளு ஒக்காந்தாத்தான் சார் பலகைக்கு எடம் தெரியும். மத்த வேலையெல்லாம் பிப்ரவரிலயே முடிச்சிட்டாரு. ரெண்டாவது ஆளு வரணும்னு நிறுத்தி வெச்சாரு. மே மாசம் வரைக்கும்."

வேறு யாரையாவது உட்கார வைத்திருக்கலாமே என்று முனகினேன்.

"நானே அவராண்ட சொன்னேன் சார். உங்க அண்ணன் வெயிட்டுக்கு மணல் மூட்ட கட்டி வெச்சிக்கலாம்னேன். 'அண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது மூட்டை எதுக்கும்மா'ன்னு சிரிச்சிகினே போய்ட்டாரு."

பட்டறைக்கு வெளியே போய் நின்றேன். முதல் நாள் தேவி மேலும் கீழும் பார்த்தது, வராத அந்த இரண்டாவது ஆளைத்தான். கேட்ட ஒரு மணி நேரத்தை நான் கொடுக்கவில்லை. பெருமை அடிக்கத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன் பாருங்கள், அதற்காக என்னை நானே மன்னிக்கப் போவதில்லை.

ஆறாம் நாள் தண்ணீர்ச் சோதனை. காலை 6.30க்கு குட்டி யானை வண்டியில் படகை ஏற்றி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் இருபது கிலோமீட்டர், முட்டுக்காடு கழிமுகம். போக வர ஆயிரத்து எண்ணூறு. கிளம்புமுன் கொட்டிவாக்கம் மணலை இரண்டு கோணிகளில் அள்ளி எடை போட்டோம், ஒவ்வொன்றும் முப்பத்தொரு கிலோ. தேவி எடைத் தட்டைப் பார்த்து, ஒரு கை மணலை எடுத்துவிட்டு, திரும்பக் கொஞ்சம் போட்டார்.

காற்று இல்லாத காலை. நான் பின்பலகையில் உட்கார்ந்ததும் படகின் மூக்கு ஒரு முழம் தூக்கியது. தேவி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, முன்பலகையில் முதல் மூட்டையை வைத்தார். மூக்கு இறங்கியது. இரண்டாவதையும் வைத்தார். முன்பலகையை இரண்டு விரல் தள்ளினார், என்னைப் பலகையோடு ஒரு சாண் பின்னால் நகரச் சொன்னார். படகு மட்டமாக நின்றது. பென்சிலால் கோடு போட்டார். இரண்டு கோடும் முரளி எழுதியிருந்த இடத்திலிருந்து அரை அங்குலம்கூடத் தள்ளவில்லை.

அப்போது தேவி, நான் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டுவிட்டார்.

"சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. ரெண்டு பலகையும் வேணுமா? ஒத்தப் பலகையா நடுவுல அடிச்சிட்டா நீங்க தனியாவே ஓட்டலாம். இப்படி அடிச்சா, ஆள் இல்லாத போதெல்லாம் மூட்ட தூக்கணும்."

அவர் சொன்னதுதான் சரி. புத்தியுள்ள எவனும் நடுவில் அடிக்கத்தான் சொல்வான். நான் எதிரே இருந்த கோணிகளைப் பார்த்தேன். எட்டு மாதமாக வராத அழுகை அந்தத் தண்ணீர் நடுவில் வந்தது. தேவி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டையும் அடிங்க" என்றேன்.

கரையேறியபின் மூட்டையை இறக்கப் போனேன். கோடு போட்டபின் படகின் அடியில் இறக்கி வைத்திருந்தோம், அங்கே தேங்கியிருந்த தண்ணீரைக் குடித்திருந்தது. அசைக்க முடியவில்லை. காலையில் நானே தூக்கி வண்டியில் வைத்த மூட்டைதான்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். ஆறு நாளுக்கு ஒன்பதாயிரத்து ஐந்நூறு. மரமும் கருவிகளும் அதிலேயே அடக்கம், மதியச் சாப்பாடு நம் பொறுப்பு. நேரம் பத்து முதல் நாலரை. பருத்தி உடை போடுங்கள், செருப்பு வேண்டாம், மூடிய காலணி. தண்ணீர்ச் சோதனைக்கு மிதவைச் சட்டை அவர்களே தருகிறார்கள், நீச்சல் தெரிந்தாலும் மாட்டிக்கொள்ளுங்கள். மணலைக் காய்ந்ததாக அள்ளி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அப்புறம் கோணியில் கட்டுங்கள். எடை கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

படகு பட்டறை வாசலிலேயே நிற்கிறது. வசந்தா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தாள். அவளுக்குத் தண்ணீர் பயம், ஏறவில்லை. பென்சில் எழுத்தை மட்டும் முந்தானையால் துடைக்கப் போய், கையை இழுத்துக்கொண்டாள். முன்பலகை காலியாக இருக்கிறது. உங்களில் யாருக்காவது அறுபத்திரண்டு கிலோ பக்கத்தில் எடை இருந்து, ஒரு காலை நேரம் ஒதுக்க முடிந்தால், கீழே எழுதுங்கள். எந்த நாளானாலும் எனக்குச் சரி. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று மட்டும் எழுதாதீர்கள்.