அமைதியான கட்டில்கள்

தேநீரை நடந்துகொண்டேதான் குடிப்பார்: ஒரு வாய் மூன்றாம் கட்டிலருகே, அடுத்தது ஏழாம் கட்டிலருகே. கடைசி வாய் எப்போதும் ஆறிப்போய்விடும். அறுவைச் சிகிச்சை வார்டின் தலைமைச் செவிலியர். மருத்துவர்களுக்கும்கூட அவர் 'பெரியக்கா'தான். என் மைத்துனர் குடலிறக்க அறுவைக்காக அங்கே கிடந்த ஐந்து நாளில் பெரியக்கா உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

எழுந்து நடக்கமாட்டேனென்று அடம்பிடிக்கும் ஆண்களை, "மாப்ள, பொண்ணு வீட்டுக்காரங்க வாசல்ல நிக்கறாங்க, எழுந்திருங்க" என்று கிளப்பிவிடுவார். போர்வையைச் சரிசெய்வதுபோல் பாதத்தைத் தொட்டுச் சூடு பார்ப்பார். பார்ப்பது நோயாளிக்குத் தெரியாது.

செவிலியர்களுக்கு மேலாளராக வந்திருந்தவர் முன்பு பெரிய ஓட்டல் ஒன்றின் நிர்வாகி. ஊசி பிடித்தறியாதவர். வார்டில் அவர் பெயர் 'ஓட்டல் சார்'.

"நல்ல மனுஷன்தான். அவர் வந்தப்புறம்தான் எங்க நர்ஸ் பிள்ளைங்களுக்கு வார லீவு ஒழுங்கா கிடைக்குது. ஆனா கட்டிலைப் பாத்தா அவருக்கு ரூம் ஞாபகம் வந்துடுது" என்றார் பெரியக்கா.

அந்த மேலாளர் பதவி முதலில் தேடிவந்தது பெரியக்காவைத்தான். "நான் மேல போய் உக்காந்தா இங்க யாரு நடக்கறது?" என்று இரண்டு முறை மறுத்திருக்கிறார். அதைச் சொல்லும்போது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான்காம் நாள் முற்பகலில் ஓட்டல் சார் வந்தார். வார்டை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எல்லாரும் அமைதியா இருக்காங்க. ஓ.பி.யில கூட்டம். ஒருத்தரை அனுப்புங்க."

"அமைதியா இருக்கற கட்டில்தான் சார் எனக்குப் பயம்."

ஓட்டல் சார் சிரித்தார். இருந்த இரண்டு செவிலியரில் ஒருத்தியைக் கையோடு கூட்டிப்போனார்.

பெரியக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மருந்து வண்டியைத் தள்ளுவார், பாதியில் விடுவார், திரும்பிப் பார்ப்பார். பதினோராம் கட்டிலில் ஒரு கொத்தனார், முந்தின நாள் அறுவை முடிந்தவர். தண்ணீர் தரவில்லையென்று காலையிலிருந்து எல்லோரையும் வைதுகொண்டிருந்தார். பெரியக்கா சட்டென்று நின்றார்.

"இந்த மனுஷன் என்னைத் திட்டி எவ்வளவு நேரமாச்சு?"

யாருக்கும் தெரியவில்லை. ஓடிப்போய்த் தொட்டார். பாதம் சில்லிட்டிருந்தது, நாடி தறிகெட்டு ஓடியது. வயிற்றுக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் கொத்தனாரை மறுபடி அறுவை அரங்குக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார்.

மாலையில் ஓட்டல் சார் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"தப்பு என்னோடதுதாங்க்கா. எனக்குத் தெரியாமப் போச்சு."

"உங்களுக்குத் தெரிய வழியில்ல சார். தெரிஞ்சவ நான். நான்தானே அந்த வேலைக்கு வரமாட்டேன்னு சொன்னேன்."

"இப்ப வாங்க. யாரை எங்க நிறுத்தறதுன்னு நீங்க சொல்லுங்க. லீவு, ஆள் எடுக்கறது, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

பெரியக்கா அவர் கையிலிருந்த மறுநாள் பணிப்பட்டியலை வாங்கினார். மருந்து வண்டிமேல் விரித்து, இரண்டு பெயர்களை அடித்து இடம் மாற்றினார். பிறகு கீழே, ஓட்டல் சாருடைய கையெழுத்துக்கு மேலே இருந்த சிறு வெற்றிடத்தில், நெருக்கி நெருக்கித் தம் பெயரை எழுதினார்.